ஆட்டம் முடியும்வரை ஊரப்பாக்கம் கிடையாது

1

என் டிக்கெட்டை மூன்றாவது தடவையாகத் தள்ளிப் போட்டாயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், என் மகன் சீலன் வீட்டில். வந்து பதினோரு வருஷமாகிறது. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பேரப்பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் என்னைக் கட்டிப்பிடித்து, எனக்குப் புரியாத பேச்சு இரண்டு நிமிஷம் பேசிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். நானும் புரிந்த மாதிரி சிரித்து வைப்பேன். பகலில் வீட்டில் நான் ஒருத்திதான். வாசல் கதவுக்குச் சாவி கிடையாது, எண்களை அழுத்தினால் திறக்கும். எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் வெளியே போன இடத்தில் அந்தக் காகிதம் தொலைந்தால் என்ன செய்வது என்று நினைத்து வாசல்படியோடு நின்றுவிடுவேன்.

ஊரப்பாக்கத்தில் என் தங்கை லில்லி இருக்கிறாள். எழுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. கூட இருக்க ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். லில்லி போனில் அழமாட்டாள், வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டாள். "அக்கா, நீ எப்ப வர்றே?" என்று மட்டும் கேட்பாள்.

டிக்கெட் எடுத்து, பெட்டியும் கட்டியாயிற்று. அதற்குள் ஆட்டம் வந்துவிட்டது.

சீலன் சனி ஞாயிறுகளில் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் கால்பந்து டீமுக்கு கோச்சாக இருக்கிறான். எல்லாம் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். இந்த வருஷம்தான் முதல் தடவையாக பிளே-ஆஃப் வரை வந்திருக்கிறார்கள். தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் அடுத்த ஆட்டம். முதல் ஆட்டத்துக்கு, வீட்டில் தனியாக இருக்கிறேனே என்று என்னையும் கூட்டிப் போனான். நான் ஒரு குடைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையாக என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று தெரியாமல் ஒவ்வொருத்தியிடமும் தேங்க் யூ சொன்னேன்.

வரும் வழியில் காரில் சீலன் சொன்னான்: "அம்மா, நீங்க வந்ததாலதான் ஜெயிச்சோம்னு பொண்ணுங்க சொல்றாங்க. அடுத்த சனிக்கிழமையும் நீங்க வரணுமாம். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். இதையே இதே சிரிப்போடு இவன் அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது இவனுக்கு இரண்டே கால் வயது. அன்றைக்கு நான் போக வேண்டியிருந்ததும் ஊரப்பாக்கத்துக்குத்தான்.

சரி என்று தலையை ஆட்டினேன். அதுதான் எனக்குப் பழக்கம்.

2

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டலும் பனைமரமும்தான். இப்போது அங்கே அடுக்குமாடி வந்துவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊரில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நேரம் போக, கிழக்குத் தாம்பரம் பக்கத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார். அதில் ஆபீஸ் பியூன் உண்டு, சைக்கிள் கடைக்காரர் உண்டு, காலேஜில் படிக்கிறவர்களும் உண்டு. கோல் கீப்பர் மணி மட்டும் மேற்கே முடிச்சூரிலிருந்து வருவான். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் இரண்டு கையையும் விரித்து நின்றால் எங்கள் வாசல் நிலை மறைந்துவிடும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரம். அங்கே ஒரு டீம். அவர்களுடைய கோச் கன்னியப்பன் என்பவர். வருஷா வருஷம் நடக்கிற நாக்-அவுட் போட்டியில் மூன்று வருஷமாக அவர்கள்தான் எங்களைத் தோற்கடித்தார்கள். தோற்றதுகூட என் வீட்டுக்காரருக்குப் பெரிதில்லை. மைதானம் அந்தப் பக்கம். வீடு திரும்ப ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் பையன்கள் தோற்று வருகிற நேரம் பார்த்து, வண்டியே வராதபோது, கேட்டை இறக்கிவிடுவார்கள். அந்த ஆட்கள் சுற்றி நின்றுகொண்டு, "கப்பு வருது, வழி வுடு, கப்பு வருது" என்று கத்துவார்கள். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, கேட் திறக்கிறவரை நிற்பாராம். வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. மணிதான் சொல்லுவான்.

அந்தக் காலத்தில் கோச் என்றால் புத்தகம் படித்துவிட்டு வருகிறவரில்லை. அவர் சொல்வதுதான் சட்டம். விடியற்காலையில் சேலையூர் ஏரிக்கரையில் ஓட்டம். ஓடி வந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெல்லமும். மோர் குடித்தால் கால் மரத்துப்போகும், அதனால் மோர் கூடாது. ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீர் கூடாது, உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு மட்டும்தான். சினிமா கூடாது. தலைமுடி காதைத் தொட்டால் விசில் கயிறாலேயே ஒன்று வைப்பார். புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, இது பின்னால் இரண்டு பேர், இது நடுவில் மூன்று பேர், இது முன்னால் ஐந்து பேர் என்று நகர்த்திக் காட்டுவார். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். நானும் அப்படித்தான்.

3

அந்த வருஷம் அவர் புதிதாக ஒன்று செய்தார். போட்டி முடிகிறவரை முக்கியமான எட்டுப் பேர் எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும் என்றார். கேம்ப் என்று பெயர். அவரவர் வீட்டில் இருந்தால் கண்டதைத் தின்பார்கள், கண்ட நேரத்தில் தூங்குவார்கள் என்பது அவர் கணக்கு. முன்னறை முழுக்கப் பாய். நான் இரண்டு அடுப்பிலும் ராகிக் கஞ்சி கிண்டினேன். பதினோரு பேருடைய பனியனையும் கிணற்றடியில் துவைத்துப் போட்டேன். வெட்கத்தால் அவர்கள் சாப்பிடும்போது நான் முன்னறைக்குப் போவதில்லை. பாத்திரத்தைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

சீலனுக்கு அப்போது சளி. வீட்டில் இத்தனை ஆம்பிளைகள், பிள்ளைக்குத் தூங்க இடமில்லை. லில்லி வந்து, "ரெண்டு நாள் நான் வச்சுக்கிறேங்க்கா, ஆட்டம் முடிஞ்சதும் கொண்டுவந்து விடுறேன்" என்று ஊரப்பாக்கத்துக்குத் தூக்கிப் போனாள். அங்கே அம்மாவும் அவளும்தான். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள்.

முதல் ஆட்டத்தன்று அவர்கள் கிளம்பிப் போனதும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். நாலு கோல் போட்டு ஜெயித்து வந்தார்கள். மறுநாள் பிள்ளையைக் கூட்டி வரக் கிளம்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரூத், பையன் அங்கேயே இருக்கட்டும். நீயும் இங்கேயே இரு. நேத்து எப்படி இருந்துதோ அப்படியே இருக்கட்டும், ஒண்ணையும் மாத்த வேணாம். பத்து நாள்தானே?"

இதை அவர் மூடநம்பிக்கை என்று ஒத்துக்கொள்ளமாட்டார். காலையும் மாலையும் பைபிள் வாசிக்கிறவர், ஜாதகம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிறவர். இதற்கு அவர் வைத்த பேர் ஒழுங்கு. ஜெயிக்கிற டீமில் கை வைக்கக்கூடாது என்பது கோச்சுகள் எல்லாருக்கும் பொதுவான சட்டம். ஆள் மாற்றமாட்டார்கள், நிற்கிற இடம் மாற்றமாட்டார்கள். அவர் அதில் பெண்டாட்டி, பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஆட்டம் ஜெயிக்கவும் ஒவ்வொரு கட்டு கூடிக்கொண்டே போனது. இரண்டாவது ஆட்டத்தன்று காலையில் தெரியாமல் அவருடைய புளியங்கொட்டைகளைப் பெருக்கித் தள்ளிவிட்டேன். பயந்துபோனேன். அன்றைக்கும் ஜெயித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் கொட்டையைப் பரப்பி வைப்பார், நான் பெருக்கித் தள்ள வேண்டும். மூன்றாவது ஆட்டத்தன்று கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அப்புறம் எட்டுப் பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த உப்புக் கஞ்சியைத்தான் குடித்தார்கள். மணி மட்டும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "யக்கா, கப்பு வாங்குறதுக்குள்ள நாக்கு வெந்துடும் போலக் கீதே" என்பான். நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். சிரித்து முடித்ததும் பிள்ளை ஞாபகம் வந்துவிடும்.

பத்து நாள் இருபது நாளாயிற்று. ஊரப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. தாம்பரத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். கஞ்சி கிண்டிக்கொண்டே, பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக மனதுக்குள் போய்ப் பார்ப்பேன்.

4

இங்கே கனடாவில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க ஒரு ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். கை ரேகை எடுக்க வேண்டுமாம். மெஷின் மேல் விரலை வைத்தேன், ரேகை விழவில்லை. அங்கே இருந்த பெண் என் விரலைத் துடைத்துவிட்டாள், ஏதோ தைலம் தடவினாள், தானே பிடித்து அழுத்தினாள். பத்து விரலில் மூன்றுதான் விழுந்தது. நான் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரேகை தேய்ந்திருக்கிறதே, நான் என்ன வேலை செய்தவள் என்று சீலனிடம் கேட்டாள். வீட்டில் இருந்தவர் என்று சொன்னான். அது சரிதான்.

அதற்குப் பிறகு கடிதம் வந்தது. என் பேருக்குப் பின்னால் இருப்பது அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா என்று கேட்டார்கள். பிறகு இன்னொரு கடிதம். அது முடிந்து அட்டை கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை என்னால் நாட்டை விட்டுப் போக முடியவில்லை. அட்டை வந்த வாரம்தான் லில்லி விழுந்தாள். அட்டை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, இனி என்ன தடை என்று நினைத்தேன். பெண்பிள்ளைகள் ஜெயிக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். டிக்கெட்டை இன்னொரு வாரம் தள்ளினான் சீலன். அதற்கடுத்த வாரமும் ஜெயித்து பைனலுக்கு வந்தார்கள், மறுபடி தள்ளினான். லில்லிக்கு அவனே போன் செய்து சொன்னான். அவள், "ஆட்டமாடா? சரிடா, சரி" என்றாள். அவள் அப்படிச் சொன்னதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சீலன் கெட்டவனில்லை. என் மாத்திரையை டப்பாவில் கிழமை வாரியாகப் பிரித்து வைக்கிறவன். மைதானத்தில் குளிருமே என்று காலுக்குக் கம்பளி போர்த்துகிறவன். அவன் அப்பாவும் கெட்டவரில்லை. பிள்ளைக்கென்று ஒரு சின்ன ரப்பர் பந்து வாங்கி, வந்ததும் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்திருந்தார். ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

5

அரையிறுதி பல்லாவரத்து டீமோடு. அன்றைக்கு நான் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இவர்கள் தோற்கட்டும் என்று. காலையில் அவர் பையன்களை வரிசையாக நிற்கவைத்து ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமாகப் போனால் ஆண்டவர் எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்தார்கள். ஜெயிக்கவுமில்லை, தோற்கவுமில்லை. டிரா. நாலு நாள் கழித்து மறுபடி ஆட வேண்டும்.

அதுவும் டிரா.

மூன்றாவது தடவை மணி ஒரு பெனால்டியைப் பிடித்தான், ஒரு கோலில் ஜெயித்தார்கள். ஆக, பைனல். எதிரே கன்னியப்பன் டீம். அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பிள்ளை போய் அதோடு ஏழு வாரம் ஆகப் போகிறது.

நான் அவரிடம் கேட்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை கேட்டேன். சாப்பாடு போட்டுக்கொண்டே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா என்றேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோபப்படவில்லை. "அந்தக் கேட்டுகிட்ட மூணு வருஷமா நின்னிருக்கேன், ரூத். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பைனலன்று காலையில் கஞ்சிப் பாத்திரத்தை எடுக்க வந்த மணி கதவோரத்திலேயே நின்றுவிட்டான். மற்றவர்கள் கிணற்றடியில் இருந்தார்கள். நான் அழுதிருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, தோ பாரு. கோல்ல நின்னுகினு கீறது நானு. உன் வூட்டுத் தாப்பா இல்ல. பெனால்டிய புடிச்சது இந்தக் கை. மாஸ்டர் இன்னாடான்னா நீ கதவ சாத்திகினு இருந்ததால புடிச்சேன்றாரு. எனக்கு எப்டி இருக்கும்? நீ பாட்டுக்குப் போய் புள்ளயப் பாத்துட்டு வா."

அவருக்குத் தெரிந்தால் என்று நான் இழுத்தேன்.

"தோத்தா என்னைத் திட்டட்டும். ஜெயிச்சா எவன் கேக்கப்போறான்?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான்.

6

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். நான் புளியங்கொட்டையைப் பெருக்கினேன். வாசல் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு பின்கதவு வழியாக வெளியே வந்து, கயிற்றால் கட்டிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு நடந்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் தனியாக நான் பஸ் ஏறியது கிடையாது. கேட்டைத் தாண்டும்போது மைதானத்துப் பக்கம் ஜனம் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் லில்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை நன்றாகச் சதை போட்டிருந்தான். முடி வெட்டியிருந்தார்கள். நான் கை நீட்டி, சீலா என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் லில்லியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"டேய், யாரு வந்துருக்காங்க பாரு. அம்மாடா" என்று லில்லி அவனைத் திருப்பப் பார்த்தாள். அவன் அவள் கன்னத்தில் தன் எச்சில் கையை வைத்து, அவள் முகத்தையே தன் பக்கம் திருப்பி, "ம்மா" என்றான். அவளைத்தான் சொன்னான்.

லில்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் சொல்லிக் குடுக்கலைக்கா. சத்தியமா. அவனாத்தான் அப்படிக் கூப்பிடுறான்" என்றாள்.

நான் பரவாயில்லை என்று சொன்னேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை என் மடிக்கு வரவில்லை. நான் கொண்டுபோயிருந்த வெல்லக்கட்டியை மட்டும் எட்டி வாங்கிக்கொண்டு மறுபடி ஓடிப்போனான். லில்லி, "தூக்கிட்டுப் போயிடுக்கா. அழுதா அழட்டும். அத்தான் என்ன, தலையையா வாங்கிடுவாரு?" என்றாள். தூக்கிக்கொண்டு போகலாம்தான். போனால் நான் வந்தது தெரிந்துவிடும். தோற்றிருந்தால், ஆயுசுக்கும் என்னால்தான் தோற்றார்கள் என்றாகிவிடும். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். நான் போவதைப் பார்த்து அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

7

திரும்பி வந்து தாம்பரத்தில் இறங்கினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிஜமாகவே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் வெடிச் சத்தம், மேளம். திரும்பிப் பார்த்தால் ரோடு முழுக்கக் கூட்டம். நடுவில் மணியை யாரோ தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அவன் கையில் கப். அவன் தலை எல்லாருக்கும் மேலே தெரிந்தது. கொஞ்சம் தள்ளி அவர், விசில் கழுத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஜெயித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டுக்கு வருவதற்குள் நான் அந்தப் பக்கம் போய், வீட்டுக்குள் நுழைந்து, ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசிப் பெட்டி போனதும், கேட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே குனிந்து அடியில் நுழைந்து ஓடினேன். என் மானம் மரியாதை எல்லாம் அன்றைக்கு அந்தக் கேட்டடியிலேயே போய்விட்டது. புடவை கிழிந்தது. பின்பக்கமாக வந்து, கயிற்றை அவிழ்த்து, முகம் கழுவி, பின்கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. ஏழு வாரமும் அதற்குப் பின்னால் நான் இருந்தேன். உள்ளே ஆள் இல்லாமல் இருந்தது பைனலன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கும் ஜெயித்துவிட்டார்கள்.

அப்படியானால் நான் என்றைக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். முதல் வாரமே போயிருந்தால் பிள்ளை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டிருப்பான்.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். வாசல் முழுக்க ஊர் நிற்கிறது. அவர் என் தோளைப் பிடித்து, ஜனத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "எல்லாரும் பாத்துக்குங்க. ஏழு வாரம் இவ இந்தப் படியத் தாண்டல. கப்புல பாதி இவளுது" என்றார். கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அடக்கத்தைப் பார்த்து இன்னும் கை தட்டினார்கள். மணி தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தவன், செம்பை இறக்கவே இல்லை.

மறுநாள் அவரே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவன் அழுதானாம். பிறகும் மழைக்காலம் தொடங்குகிறவரை பிள்ளை என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பசித்தால் புடவையைப் பிடித்து இழுப்பான். லில்லி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மடியை விட்டு இறங்கமாட்டான். இறங்கு என்று நான் சொன்னதில்லை. அவள் மூன்று வாரம் வந்தாள், பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டாள். பிள்ளை என்னிடம் சேரட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் பிறகு புரிந்தது.

அடுத்த வருஷமும் கேம்ப் நடந்தது. தாழ்ப்பாளும் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றார்கள். எழுபதுகளின் நடுவில் அவருக்கு முட்டி வலி வந்து டீமை விட்டுவிட்டார். நான் போனதை அவர் சாகிறவரை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கப்பைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

8

மேலே உள்ளதை எழுதி முடித்து, போட்டோ பிடித்து பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பச் சொல்லி சீலனிடம் கொடுத்தேன். எனக்கு அந்தப் போனில் அனுப்பத் தெரியாது. அவன் தமிழ் படித்துப் பல வருஷமாகிறது, படிக்கமாட்டான், பக்கம் பக்கமாகப் போட்டோதான் பிடிப்பான் என்று நினைத்தேன். சமையலறை மேடையருகே நின்றபடியே படிக்கத் தொடங்கினான். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படித்தான். நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எனக்கு இது எதுவுமே ஞாபகம் இல்லம்மா."

ரெண்டு வயசுல எப்படிடா ஞாபகம் இருக்கும் என்றேன்.

"அப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். ஐம்பத்தெட்டு வயதாகிறது, தலை பாதி நரைத்துவிட்டது. சனிக்கிழமை பைனல் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடுவதாகச் சொன்னான். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளமாட்டேன் என்றான். அவனுக்கு அது பெரிய விஷயம்தான். புதன்கிழமைக்கு இருந்த டிக்கெட்டை எனக்காக மூன்று நாள் முன்னால் கொண்டுவருகிறான். நான் எப்போதும் போலத் தலையாட்டியிருப்பேன். தலை ஆடத் தொடங்கியும்விட்டது.

"நான் வியாழக்கிழமை போறேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பொண்ணுங்க உங்களைத் தேடுவாங்கம்மா. நான் அவங்ககிட்ட என்ன சொல்றது? தோத்துட்டா?"

"தோத்துட்டுப் போங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்ததா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட்டை மாற்றினான். அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் லில்லிக்குப் போன் போட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"சித்தி, அம்மா வியாழக்கிழமை கிளம்புறாங்க."

லில்லி நம்பவில்லை. "ஏண்டா, ஆட்டம் முடிஞ்சிருச்சா?" என்றாள்.

சீலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னும் முடியல சித்தி" என்றான். "அதுக்கு முன்னாடியே வர்றாங்க."